மஞ்சள் விளக்கு எதைச் சொல்கின்றது?

அக்கரைப்பற்றிலிருந்து அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது ஊடாகக் கல்முனை நோக்கி மாலை வேளையில் வாடகைக் காரொன்றில் பயணம் செய்பவர், சாரதியின் முன்னால் உள்ள டாஷ்போர்ட்டைச் சற்று உற்று நோக்குவாராயின், எஞ்சின் வடிவிலமைந்த சிறிய மஞ்சள் விளக்கொன்று அணையாது எரிந்து கொண்டிருப்பதைப் பல தடவைகள் காணக்கூடும். சில வாகனங்களில் அவ்விளக்கின் மீது கறுப்பு ரேப் ஒட்டப்பட்டிருக்கும். இன்னும் சிலவற்றில் விளக்கின் பல்பே கழற்றப்பட்டிருக்கும். இது பெரும்பாலும் வாகனத்தை விற்பதற்கு முன்னர் செய்யப்படும் காரியமாகும். பழைய காரொன்றை வாங்கச் செல்பவர் எஞ்சினை இயக்குவதற்கு முன்னர் திறப்பை மாத்திரம் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்போது அந்த மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லையாயின் வாகனம் நோயற்றது என்று பொருளல்ல. நோயைச் சொல்லும் வாய் அடைக்கப்பட்டுள்ளது என்றே கொள்ள வேண்டும்.

"வண்டி ஓடுதுதானே, லைட் எரிஞ்சா என்ன?" என்ற மனநிலை எமது பிரதேசத்தில் பரவலாக உள்ளது. அதனை முற்றாகக் குறைகூறவும் முடியாது. விளக்கு எரிகின்றதென்று கராஜுக்குச் சென்று, ஒன்றன்பின் ஒன்றாக உதிரிப்பாகங்களை மாற்றி, கையிலிருந்த பணத்தையும் கரைத்து, விளக்கு அணையாமலே வீடு திரும்பியோர் எமக்கு நன்கு தெரிந்தவர்கள் மத்தியிலேயே உள்ளனர். பிழை விளக்கிலும் இல்லை, அது காட்டும் குறியீட்டிலும் இல்லை. குறியீட்டை வாசிக்கும் முறையிலேயே கோளாறு உள்ளது என்பதே எமது கருத்து.

இது இன்று ஒரு பொழுதுபோக்கு விடயமன்று. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான கதவு மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியிலேயே. திறக்கப்பட்ட பின்னரும் வரிச்சுமை காரணமாகப் புதிய வாகனம் சாதாரண உத்தியோகத்தரின் கைக்கு எட்டாத தூரத்திலேயே உள்ளது. ஆகவே, 1990 களின் பிற்பகுதியில் ஜப்பானில் தயாரிக்கப்பட்ட கொரோலா 110, நிசான் எப்.பீ. 14, எப்.பீ. 15, அவற்றைத் தொடர்ந்து வந்த கொரோலா 121, விட்ஸ் ஆகிய வாகனங்களே இன்றும் எமது வீதிகளில் குடும்பங்களைச் சுமக்கின்றன; பல குடும்பங்களுக்கு உழைத்தும் கொடுக்கின்றன. 2022 ஜூலையில் கியூ.ஆர். முறை அறிமுகப்படுத்தப்பட்டபோது காரொன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோலே கிடைத்தது. அந்த 20 லீற்றரில் கணிசமான பகுதியைப் பழுதடைந்த சென்சரொன்று கரும்புகையாக வெளியேற்றிய வாகனங்கள் எத்தனையோ. மஞ்சள் விளக்கின் பெறுமதி பலருக்கு அப்போதுதான் புரிந்தது.

இவ்விளக்கின் வரலாறு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஆரம்பமாகின்றது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரை மூடிய புகைமூட்டத்துக்கு வாகனப் புகையும் சூரிய ஒளியும் சேர்ந்து நிகழ்த்தும் இரசாயன மாற்றமே காரணம் என்பதை 1950 களில் ஹாகன் ஸ்மித் என்னும் விஞ்ஞானி எடுத்துக் காட்டினார். அதன் பின்னர் அம்மாநிலத்தின் வளிமண்டல வளச் சபை படிப்படியாகக் கட்டுப்பாடுகளை விதித்தது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கொம்பியூட்டர் தனது உறுப்புகளைத் தானே சோதித்து, பிழை கண்டால் விளக்கேற்றிச் சாரதிக்கு அறிவிக்க வேண்டுமென்ற விதி 1988 ஆம் ஆண்டு மாதிரி வாகனங்களிலிருந்து அங்கு நடைமுறைக்கு வந்தது. 1996 ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து அமெரிக்காவில் விற்பனையாகும் எல்லாக் கார்களிலும் ஒரே வடிவமான 16 முனை இணைப்பியும் ஒரே விதமான குறியீட்டு முறையும் கட்டாயமாக்கப்பட்டன. ஓ.பி.டி. 2 என்று அழைக்கப்படுவது இதுவே. ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு இது 2001 இல் வந்தது.

எமது வாகனங்களோ இவ்விரு சந்தைகளுக்காகவும் தயாரிக்கப்பட்டவையல்ல. ஜப்பானிய உள்நாட்டுப் பாவனைக்காகத் தயாரிக்கப்பட்டு, அங்கு சில வருடங்கள் ஓடிய பின்னர் இங்கு வந்தவையே அவற்றுட் பெரும்பாலானவை. ஜப்பானிய நிறுவனங்கள் உள்நாட்டுச் சந்தையில் நீண்டகாலம் தத்தமது சொந்த முறைகளையே பின்பற்றி வந்தன. எனவேதான் 1990 களின் இறுதிக்காலக் காரொன்றில் ஸ்டியரிங்கின் கீழே 16 முனை இணைப்பி காணப்பட்டாலும், கடையில் வாங்கிய சாதாரண ஸ்கேனரைப் பொருத்தியதும் "இணைப்பு இல்லை" என்று அது கைவிரித்து விடுகின்றது. இதைக் கண்டதும் "கொம்பியூட்டர் போய்விட்டது" என்று தீர்ப்பளிப்பவர்களும் உளர். கொம்பியூட்டர் எங்கும் போகவில்லை. ஒருவர் தமிழில் கேட்க, மற்றவருக்கு ஜப்பானிய மொழி மட்டுமே தெரிந்திருக்கும் நிலைதான் அது.

அத்தகைய வாகனங்களுடன் பேசுவதற்கு ஸ்கேனரே தேவையில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். சிறியதொரு வயர்த்துண்டு போதுமானது. 1990 களின் டொயோட்டாக்களில் பொனட்டின் கீழே மூடியுடன் கூடிய கறுப்புப் பெட்டியொன்று இருக்கும். மூடியின் உட்புறத்தில் ஒவ்வொரு துளையின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். எஞ்சினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஏ.சி., விளக்குகள் அனைத்தையும் அணைத்துவிட்டு, டீ.ஈ. 1 என்ற துளையையும் ஈ. 1 என்ற துளையையும் வயரினால் இணைக்க வேண்டும். பின்னர் எஞ்சினை இயக்காமல் திறப்பை மாத்திரம் திருப்பினால் மஞ்சள் விளக்கு மின்னத் தொடங்கும். செக்கனுக்கு இரண்டு தடவைகள் என்ற சீரான வேகத்தில் இடைவிடாது மின்னுமாயின் பிழையெதுவும் பதிவாகவில்லை. பிழை இருப்பின் முதலில் பத்தாம் இடத்து இலக்கத்தையும், ஒன்றரைச் செக்கன் இடைவெளியின் பின் ஒன்றாம் இடத்து இலக்கத்தையும் மின்னிக் காட்டும். இருமுறை மின்னி, சற்று நின்று, மீண்டும் இருமுறை மின்னினால் அது 22. பல பிழைகள் இருப்பின் சிறிய எண்ணிலிருந்து பெரிய எண் வரை இரண்டரைச் செக்கன் இடைவெளியில் வரிசையாக வரும். முடிந்ததும் மீண்டும் ஆரம்பமாகும். கடதாசியும் பென்சிலும் கையில் இருக்கட்டும். இரண்டு மூன்று சுற்றுகள் பார்த்து எழுதிக் கொள்வதே நல்லது. துளைகளின் பெயர்களை வாசிக்காமல் கண்டபடி இணைத்தால் பியூஸ் எரியலாம். அதைவிடப் பெரிய சேதமும் நேரலாம் என்பதை இங்கு சொல்லியாக வேண்டும்.

டொயோட்டாவின் இவ்வரிசையில் 12, 13 ஆகியவை எஞ்சின் சுழற்சியை அறிவிக்கும் சமிக்ஞையையும், 14 இக்னிஷன் சமிக்ஞையையும், 21 ஒட்சிசன் சென்சரையும், 22 கூலன்ட் நீரின் வெப்பநிலைச் சென்சரையும், 24 உட்செல்லும் காற்றின் வெப்பநிலையையும், 31 காற்றின் அழுத்தத்தையோ அளவையோ கணிக்கும் சென்சரையும், 41 திரொட்டில் நிலைச் சென்சரையும், 42 வேகச் சென்சரையும், 52 நொக் சென்சரையும் குறிக்கும். அக்கால நிசான்களில் கொம்பியூட்டர் பெட்டியிலேயே சிறிய சிவப்பு விளக்கும் திருப்பும் திருகு ஒன்றும் உண்டு. அங்கு 55 என்றால் சுகம். நிசானின் 12 காற்றளவு மானியைக் குறிக்கும். டொயோட்டாவின் 12 வேறொன்று. ஒரு நிறுவனத்தின் அட்டவணையை வைத்துக்கொண்டு மற்றொரு நிறுவனத்தின் வாகனத்துக்கு வைத்தியம் பார்ப்பது, அடுத்த வீட்டுக்காரரின் இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கொண்டு எமக்கு மருந்தெழுதுவதற்கு ஒப்பானது.

2000 ஆம் ஆண்டுக்குப் பின்னர் வந்த கொரோலா 121, விட்ஸ் முதலிய வாகனங்களில் ஸ்கேனர் பெரும்பாலும் பேசும். அது தரும் குறியீடு ஓர் எழுத்தையும் நான்கு இலக்கங்களையும் கொண்டது. 'பி' எனத் தொடங்கினால் எஞ்சினும் கியர்பெட்டியும். 'சி' என்றால் பிரேக் உள்ளிட்ட கீழ்ப்பகுதி. 'யூ' என்றால் கொம்பியூட்டர்களுக்கிடையிலான தொடர்பு. முதல் இலக்கம் பூச்சியமாயின் அது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது; ஒன்றாயின் அந்நிறுவனத்துக்கே உரியது. அடுத்த இலக்கத்தில் 1, 2 ஆகியவை எரிபொருளும் காற்றும், 3 பற்றவைப்பு, 4 புகைக் கட்டுப்பாடு, 5 வேகமும் ஐட்லிங்கும், 7, 8 கியர்பெட்டி. இவ்வளவு தெரிந்தாலே திருத்துநர் சொல்வது பொருந்துகின்றதா என்பதைச் சாதாரண வாகன உரிமையாளர் ஓரளவு ஊகித்துக் கொள்ளலாம்.

இனி, எமது கட்டுரையின் மையப் பொருளுக்கு வருவோம். குறியீடு ஒன்று எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. எந்தச் சுற்றில், எந்த அளவீட்டில் கொம்பியூட்டருக்குச் சந்தேகம் எழுந்துள்ளது என்பதை மாத்திரமே அது சொல்கின்றது. அச்சுற்றில் சென்சர் உண்டு, வயர் உண்டு, கனெக்டர் உண்டு, பியூஸ் உண்டு, எஞ்சினுடன் முறுக்கப்பட்ட ஏர்த் வயரும் உண்டு. சென்சர் நன்றாகவே இருந்து, உள்ளபடியே எஞ்சினில் நிகழும் கோளாறு ஒன்றைச் சரியாக அறிவித்திருக்கவும் கூடும். அப்போது சென்சரை மாற்றுவது, கெட்ட செய்தி கொண்டுவந்த தபாற்காரரை மாற்றுவது போன்றதே.

எமது சொந்த அனுபவமொன்றைக் கூறுவது இதனை விளக்க உதவும். எம்மிடமுள்ள கொரோலா 110 சில வருடங்களுக்கு முன்னர் திடீரென அதிக பெற்றோல் குடிக்கத் தொடங்கியது. பின்புறம் கரும்புகை; பிளக்குகளில் கரி. மஞ்சள் விளக்கு ஒருநாள் எரிந்தது; மறுநாள் தானாகவே அணைந்தது. முதலில் சென்ற இடத்தில் பிளக்குகளை மாற்றினார்கள். அடுத்த இடத்தில் ஒட்சிசன் சென்சரை மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில் கொம்பியூட்டர் பெட்டியை மாற்றிப் பார்ப்போம் என்றார்கள். பழைய பெட்டிக்குச் சொல்லப்பட்ட விலையைக் கேட்டு நாம் வாகனத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டோம்.

உறவினர் ஒருவரின் மகன், வளைகுடா நாடொன்றில் வாகனத் திருத்தகத்தில் பணிபுரிந்துவிட்டு விடுமுறையில் வந்திருந்தார். "காக்கா, முதல்ல அது என்ன சொல்லுதெண்டு கேப்பமே" என்றவர், மேலே கூறியவாறு வயர்த்துண்டொன்றை எடுத்துப் பொருத்தினார். விளக்கு அணைந்திருந்த போதிலும் நினைவகத்தில் 22 பதிவாகியிருந்தது. வெப்பநிலைச் சென்சர் என்பது வெப்பம் கூடக் கூட மின்தடை குறையும் ஒரு பொருள். 20 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 2000 முதல் 3000 ஓம் வரை இருக்கும். 80 பாகையில் 200 முதல் 400 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். எஞ்சின் சூடேறிய நிலையில் சென்சரின் இரு முனைகளில் மீற்றரை வைத்தார். சுமார் 300 ஓம். சென்சர் நல்லது. கொம்பியூட்டரின் பிளக்கைக் கழற்றி, அதே சென்சருக்குச் செல்லும் இரு வயர்களின் மறுமுனையில் அளந்தார். 2000 ஓமுக்கு மேல் காட்டியது. இடையில் எங்கோ அந்த மேலதிகத் தடை உட்கார்ந்திருக்கின்றது என்பது தெளிவாயிற்று. கனெக்டரைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே பச்சை நிறக் களிம்பு பிடித்திருந்தது.

நடந்தது இதுதான். எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரும் அக்களிம்பின் தடையினால் கொம்பியூட்டருக்கு எஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருப்பதாகத் தகவல் சென்றது. குளிர்ந்த எஞ்சினுக்கு அதிக பெற்றோல் வேண்டும் என்பது அதற்குக் கற்பிக்கப்பட்ட பாடம். அது பாடத்தின்படி நடந்துகொண்டது. 2000 ஓம் என்பது நம்பக்கூடிய எண்ணாகையால் பிழையென்று அது எண்ணவில்லை, விளக்கும் எரியவில்லை. குழியில் விழுந்து எழும்போது தொடர்பு முற்றாக அறுந்த தருணங்களில் மாத்திரம் 22 பதிவாகி விளக்கு எரிந்தது. கனெக்டரைச் சுத்தம் செய்து, முனைகளைச் சற்று இறுக்கிப் பொருத்தியதோடு அப்பிரச்சினை தீர்ந்தது. செலவு ஒரு தேநீர். நாம் வீணாக வாங்கிய ஒட்சிசன் சென்சர் இன்னமும் வாகனத்தில் நன்றாகவே வேலை செய்கின்றது என்பதே ஆறுதல்.

பச்சைக் களிம்பு எமது கரையோரத்துக்கே உரிய நோய். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை பெரும்பாலான குடியிருப்புகள் கடலிலிருந்து நடந்து செல்லும் தூரத்திலேயே உள்ளன. உப்புக்காற்று செம்பு முனைகளை அரிப்பதற்கு வாகனம் ஓட வேண்டுமென்பதில்லை. முற்றத்தில் நின்றாலே போதும். இதற்கு மேலாக வெள்ளம். மாவடிப்பள்ளி வீதியில் நீர் குறுக்கறுத்துப் பாயும் மாரிகாலத்தில் அதனூடாக வாகனத்தைச் செலுத்தியவர், இரண்டு மூன்று மாதங்களின் பின்னர் தோன்றும் குறியீடொன்றை அந்நாளோடு தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை போன்றதொரு அனர்த்தத்தில் கடல்நீரில் மூழ்கிய வாகனத்தை எவ்வளவு கழுவினாலும், வயரின் உறைக்குள் ஏறிய உப்புநீர் உள்ளிருந்தே செம்பை அரித்துக்கொண்டிருக்கும். அறுவடைக் காலத்தில் வயல் எலிகளும் தம் பங்குக்கு வயர்களைக் கடித்து வைக்கின்றன. ஆகவே, இங்குள்ள திருத்துநர் எக்குறியீட்டைக் கண்டாலும் முதலில் கனெக்டரையும் ஏர்த் வயரையும் பார்ப்பதை வழக்கமாக்கிக் கொள்வாராயின், வாடிக்கையாளரின் பணத்தில் பெரும்பகுதி மிஞ்சும்.

ஒட்சிசன் சென்சரின் மீது எல்லோரும் பழிபோடுவதற்கும் ஒரு காரணம் உண்டு. புகைக்குழாயில் பொருத்தப்பட்டிருக்கும் அது, எரிந்து வரும் வாயுவில் எஞ்சியுள்ள ஒட்சிசனைக் கொண்டு ஏறத்தாழ 0.1 முதல் 0.9 வோல்ட் வரையான சமிக்ஞையை உருவாக்குகின்றது. பெற்றோலும் காற்றும் 1 க்கு 14.7 என்ற நிறை விகிதத்தில் எரிய வேண்டுமென்பதே இலக்கு. சமிக்ஞை மேலும் கீழுமாக இடைவிடாது அசைந்து கொண்டிருந்தால் சென்சர் உயிரோடு இருக்கின்றது. ஓரிடத்தில் உறைந்து நின்றால் நோயுற்றுள்ளது. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் கைவிடப்பட்டது 2002 இல். அதற்கு முன்னர் இங்கு வந்த வாகனங்களின் ஒட்சிசன் சென்சர்களையும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர்களையும் அவ்வீயமே கொன்றது. அக்காலத்தில் 21 என்ற எண் வந்தால் சென்சரைத் தூக்கி எறிவது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. காலம் மாறிய பின்னரும் பழக்கம் மாறவில்லை.

பி 0171 என்பது இன்று அடிக்கடி காணப்படும் குறியீடு. கலவையில் பெற்றோல் குறைவு, காற்று அதிகம் என்பது அதன் பொருள். இதற்கும் பல இடங்களில் ஒட்சிசன் சென்சரே மாற்றப்படுகின்றது. உண்மையில் அச்சென்சர் தன் கடமையைச் செய்ததனாலேயே இக்குறியீடு வந்துள்ளது. ஸ்கேனரில் 'பியூவல் ட்ரிம்' என்றொரு எண் உண்டு. கொம்பியூட்டர் தன் கணக்குக்கு மேலதிகமாக எத்தனை வீதம் பெற்றோல் சேர்க்கின்றது என்பதை அது காட்டும். ஐட்லிங்கில் இவ்வெண் மிக உயர்ந்திருந்து, எஞ்சினை 2500 சுற்றுக்கு உயர்த்தியதும் இறங்கிவிட்டால், எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்துக் கள்ளக்காற்று உட்புகுகின்றது. மாறாக, ஐட்லிங்கில் சாதாரணமாக இருந்து, வேகமெடுக்கும்போது உயர்ந்தால் பெற்றோல் பம்ப், பில்டர், அல்லது தூசு படிந்த காற்றளவுச் சென்சர் மீது சந்தேகம் கொள்ளலாம். மணலும் தூசும் நிறைந்த எமது ஊர்களில் எயார் பில்டரை ஊதி ஊதிப் பாவிப்பதன் விளைவு இக்கடைசிச் சென்சரில்தான் தெரியவரும்.

பி 0301, பி 0302 என வருபவை எந்தச் சிலிண்டரில் தீப்பற்றல் தவறுகின்றது என்பதைச் சொல்கின்றன. ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனிக் கொயில் உள்ள வாகனமாயின் இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்றுண்டு. முதலாம் சிலிண்டரின் கொயிலை இரண்டாமதற்கும், இரண்டாமதை முதலாமதற்கும் மாற்றிப் பொருத்தி, குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். பிழை கொயிலோடு சேர்ந்து இடம்பெயர்ந்தால் கொயில் குற்றவாளி. அதே சிலிண்டரில் நின்றுவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கொம்பிரஷன் என்று தேடலைத் தொடர வேண்டும். பத்து நிமிட வேலை. நான்கு கொயில்களையும் ஒரே தடவையில் மாற்றும்படி கூறும் இடங்களில் இப்பத்து நிமிடத்தைக் கேட்டுப் பெறுவது வாடிக்கையாளரின் உரிமை.

பி 0420 கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் தன் வேலையைச் சரிவரச் செய்யவில்லை என்பதைக் குறிக்கும். அதற்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் உள்ளன. அதனாலேயே, "அது அடைபட்டுள்ளது, எடுத்துவிட்டால் இழுவை கூடும்" என்று ஆலோசனை கூறப்படும்போது சற்று நிதானிக்க வேண்டும். கழற்றப்பட்ட பெட்டி எங்கே போகின்றது என்று கேட்பது அநாகரிகமாகாது.

இவ்விடத்தில் புகைப் பரிசோதனை பற்றியும் சொல்ல வேண்டியுள்ளது. 2008 இல் ஆரம்பிக்கப்பட்ட அத்திட்டத்தின்படி, வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிப்பதற்கு வருடாந்தம் புகைச் சான்றிதழ் பெற வேண்டும். பரிசோதனைக்கு முதல்நாள் பற்றரி வயரைக் கழற்றி மாட்டி விளக்கை அணைத்துக் கொண்டு செல்லும் தந்திரம் பலருக்குத் தெரியும். அங்கு அளக்கப்படுவது புகையே. விளக்கின் நிலை அப்புகையை மாற்றிவிடாது. அதற்கு மேலாக, பற்றரியைக் கழற்றும்போது அழிவது பிழைக் குறியீடு மட்டுமன்று. பிழை தோன்றிய கணத்தில் எஞ்சின் எவ்வேகத்தில், எவ்வெப்பத்தில், எவ்வளவு சுமையில் இருந்தது என்ற பதிவும் புதிய வாகனங்களில் அதனோடு அழிந்து போகின்றது. ஐட்லிங்குக்காகக் கொம்பியூட்டர் கற்றுவைத்திருந்த அளவுகளும் போய்விடுவதால், அதன் பின் சில நாட்கள் எஞ்சின் தடுமாறவும் கூடும். குறியீட்டை எழுதிக் கொள்ளாமல் அழிப்பவர், சாட்சியின் வாக்குமூலத்தைப் பதியாமல் அவரை வீட்டுக்கு அனுப்பியவராகின்றார்.

டீசல் வான்களைப் பற்றி அதிகம் கூறுவதற்கில்லை. 'டொல்பின்' என்று நாம் அழைக்கும் பழைய ஹயேஸ்களின் பம்ப் முழுக்க முழுக்க இயந்திர முறையில் இயங்குவது. அதற்குக் கொம்பியூட்டர் குறியீடு கிடையாது. அங்கு காதும் மூக்கும் அனுபவமுமே ஸ்கேனர். இவ்விடயத்தில் எமது பழைய பாஸ்மாரை விஞ்ச எவருமில்லை. (ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொற்களில் இந்தப் 'பாஸ்' என்பதும் ஒன்று.) ஹைபிரிட் கார்கள் தனிக் கட்டுரைக்குரியவை. பி ஏ 80 என்று பேச்சுவழக்கில் சுருக்கப்படும் பி 0ஏ80, பெரிய பற்றரித் தொகுதி பலவீனமடைந்திருப்பதைக் குறிக்கும். அதனை மாற்றுவதற்கு முன்னர் பின்னிருக்கையின் பக்கத்திலுள்ள குளிர்விக்கும் விசிறியின் தூசைப் பார்த்தார்களா என்று மட்டும் கேட்டு வைக்கலாம். அங்குள்ள மின்னழுத்தம் உயிரைப் பறிக்கக்கூடியது. சுயவைத்தியத்துக்கு அது இடமன்று.

தொலைபேசியுடன் இணையும் சிறிய நீலநிறக் கருவிகள் இப்போது எங்கும் விற்பனையாகின்றன. ஈ.எல்.எம். 327 என்ற பெயரில் வரும் இவற்றின் மூலச் சில்லைத் தயாரித்த கனேடிய நிறுவனம் 2022 இல் மூடப்பட்டுவிட்டது. மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் அதன் பிரதிகளே. குறியீட்டை வாசிக்க அவை போதுமானவை, ஏ.பி.எஸ்., எயார்பேக் போன்றவற்றை அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது. இரவில் பொருத்தியபடியே விட்டால் பலவீனமான பற்றரி காலையில் இறங்கியிருக்கும்.

கருவியை விட அரிதாக இருப்பது கருவி சொல்வதை விளங்கிக் கொள்ளும் ஆள்தான். மொறட்டுவையில் இயங்கும் இலங்கை ஜெர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் 1959 இல் தோன்றியது. அதில் பயின்றவர்கள் நாடெங்கும் மதிக்கப்படுகின்றனர். கிளிநொச்சியிலும் ஜெர்மன் உதவியுடன் அத்தகையதொரு நிறுவனம் 2016 இல் திறக்கப்பட்டது. கல்முனையிலிருந்து இரண்டுமே வெகு தூரம். எமது கராஜ்களில் உதவியாளராகச் சேரும் பையன் பாஸின் கையைப் பார்த்தே கற்றுக் கொள்கின்றான். ஸ்பானர் வேலை அவ்வாறு வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத மின்னோட்டம் அவ்வாறு வராது. வயரிங் வரைபடங்களும் திருத்தக் கையேடுகளும் ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலுமே அச்சிடப்படுகின்றன. க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தில் ஓமின் விதியைத் தமிழில் படித்துச் சித்தியடைந்த மாணவன், அதே விதிதான் பொனட்டின் கீழே 2000 ஓமாக உட்கார்ந்திருக்கின்றது என்பதை எவரும் எடுத்துச் சொல்லாமலே தொழிலுக்குள் நுழைகின்றான். பிரதேச தொழிற்பயிற்சி நிலையங்கள் வார இறுதியில் நான்கு நாட்கள் ஒதுக்கினாலே மீற்றர் பிடிக்கும் கலையைத் தமிழில் கற்பித்துவிட முடியும். பழைய கொரோலா ஒன்றும், ஒரு மீற்றரும், அரையடி வயரும் அதற்குப் போதும்.

வாகன உரிமையாளர் செய்யக்கூடியது மிக எளிது. வாகனத்தில் ஒரு கொப்பியை வைத்திருக்க வேண்டும். விளக்கு எரிந்த திகதி, அப்போது எஞ்சின் சூடாக இருந்ததா, மழை பெய்ததா, வாசித்த குறியீடு என்ன, எது மாற்றப்பட்டது என்பவற்றை அதில் எழுத வேண்டும். திருத்துநரிடம் "என்ன மாற்ற வேண்டும்?" என்று கேட்பதற்குப் பதிலாக "எதை அளந்து பார்த்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். அளந்தவர் அவ்வெண்ணைச் சொல்வார்.

ஒன்று மாத்திரம் காத்திருக்காது. விளக்கு நிலையாக எரிந்தால் அடுத்த நாள் பார்க்கலாம். ஓடிக் கொண்டிருக்கும்போது அது விட்டுவிட்டு மின்னத் தொடங்கினால், ஓ.பி.டி. 2 முறைமையுள்ள வாகனத்தில் அதன் பொருள் வேறு. சிலிண்டரில் எரியாத பெற்றோல் அப்படியே புகைக்குழாய்க்குள் சென்று, கற்றலிற்றிக் கொன்வேர்ட்டருக்குள் எரிந்து கொண்டிருக்கின்றது. வெப்பம் அளவுகடந்து உயரும்போது உள்ளிருக்கும் தேன்கூடு உருகும். அக்கரைப்பற்றுக்கும் பொத்துவிலுக்கும் இடையிலான ஆளரவமற்ற இரவு வீதியிலாயினும் அக்ஸிலறேற்றரிலிருந்து காலை எடுத்து, வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்த பின்னரும் மின்னுமாயின் காய்ந்த புல் இல்லாத ஓரமொன்றில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து விடவேண்டும்.